மடிக்காத சந்தோசம்

அவருக்கு மடிப்பு ஆகாது. சட்டையோ, சாரமோ, கடதாசியோ, மடிஞ்சு கெடந்தா மொகம் சுண்டிப்போகும். நானோ மாத்தளை டவுன்ல தையல் கடை வெச்சிருந்தவ. காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் மடிக்கிறதும் அடிக்கிறதும்தான் என் சோறு. "தங்கச்சி, ஒங்க தொழில் மடிக்கிறது, என் தொழில் நிமித்துறது. நம்ம ரெண்டு பேருக்கும் எப்படித்தான் ஒத்துப்போகுதோ"ன்னு சொல்லிக்கிட்டே கடைப் படி ஏறுவாரு.

பேரு சொல்லப் போறதில்ல. எல்லாரும் அவர அப்புன்னுதான் கூப்பிட்டாங்க. அது பேரில்ல, உத்தியோகம். தொரை பங்களாவுல சமைச்சு, மேசை போட்டு, துணிமணி பாத்துக்கிற ஆளுக்கு எங்க பக்கம் அப்பு. மாத்தளை நாலந்தாவுக்கு இந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல வெள்ளைக்காரத் தொரைக்கிட்ட இருபது வருஷத்துக்கு மேல இருந்தாரு. அவரோட வெள்ளைக் கோட்டுக்குக் காலர் மாத்துறதும், பங்களா ஜன்னல் சீலை தைக்கிறதும் என் கடையிலதான். தைச்ச கோட்ட மடிச்சுக் குடுத்தா வாங்க மாட்டாரு. ஒரு கம்பியில மாட்டி, கையத் தூக்கிப் புடிச்சபடியே பஸ்ல போவாரு. "அப்பு, கோட்டுக்கு ஒரு டிக்கட் எடுக்கணும்"னு கண்டக்டர் பயல் கிண்டல் பண்ணினா, எடுத்துட்டாப் போச்சுன்னு ரெண்டாவது டிக்கட்டுக்கும் சல்லிய நீட்டுவாரு. 

தொரைக்குக் கொழும்புப் பேப்பர் மடிச்சுத்தான் வரும். அதுக்கு ஸ்திரிக்கை போட்டுத்தான் மேசையில வைப்பாராம். நான் ஒரு நாள் கேட்டேன், எல்லாம் சரி, வெத்தலைய மடிக்காம எப்படிப் போடுவீங்கன்னு. "அதனாலதான் வெத்தல போடுறதில்ல"ன்னாரு. சிரிக்கவே இல்ல. "மடிப்பு ஒருக்கா விழுந்தா போகாது தங்கச்சி. ஸ்திரிக்கை போட்டா மறையும், அவ்வளவுதான்."

எனக்குப் பொறுமை கெடயாது. இத நானே முந்திச் சொல்லிடுறேன். ஒரு ஆள் ஒரு வேலைய இழுத்துக்கிட்டே இருந்தா என் கை துறுதுறுங்கும், புடுங்கி நானே முடிச்சுப்புடுவேன். துணியில அது நல்ல கொணம்.

அவர் சேத்து வெச்சிருந்த பத்து நோட்ட எனக்குக் காட்டினது ஒரு மழை நாள் மத்தியானம். கடைப் பலகையில பாதிய அவரே சாத்திட்டு, கோட்டுக்குள்ள இருந்து ஒரு கிராமபோன் தட்டு உறைய எடுத்தாரு. அதுக்குள்ள வெள்ளை வெளேர்னு பெரிய கடதாசி, கறுப்பு மையில சுருள் சுருளா எழுத்து. திருப்பினா பின்பக்கம் ஒன்னுமே இல்ல, வெறும் வெள்ளை. நான் யாரோ வெள்ளைக்காரனோட கலியாணக் கடதாசின்னு நெனச்சேன். 

"சீமைச் சல்லி. ஒவ்வொன்னும் அஞ்சு பவுனு"ன்னாரு. மெல்லமாத்தான் சொன்னாரு.

தொரை லீவுல சீமைக்குப் போய்த் திரும்புறப்போ எல்லாம் மிச்சமான நோட்டு ஒன்ன இவர் கையில வைப்பாராம். அப்படி நாலு. தொரை தோட்டத்த வித்துட்டு ஒரேயடியாப் போற அன்னைக்கு இவரக் கூப்பிட்டு, ஒரு பக்கம் நம்ம ரூபாக்கட்டு, ஒரு பக்கம் ஆறு வெள்ளை நோட்டு வெச்சு, எது வேணும்னு கேட்டிருக்காரு. இவர் வெள்ளையத் தொட்டாரு. "ரூபா ஏறும், எறங்கும். இது பவுனாச்சே தங்கச்சி. பவுனு எங்கயாவது எறங்குமா?" நகைக்கடையில நிறுக்கிற பவுனுக்கும் இதுக்கும் பேரு ஒன்னா இருந்ததுல அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. இது எப்பவும் செல்லும், பத்திரமா வெச்சுக்கோன்னு தொரையும் சொல்லிட்டுப் போயிருந்தாரு.

கூலிக்கு மேல மனசு வந்து குடுக்கிற காசுக்கு எங்க பக்கம் சந்தோசம்னு பேரு. தபால்காரருக்குச் சந்தோசம், பிரசவம் பாத்த அம்மாவுக்குச் சந்தோசம். அவரும் அந்த நோட்டுகளச் சல்லின்னு ரெண்டாவது தடவ சொல்லல. தொரையோட சந்தோசம்னுதான் சொல்வாரு. 

அத மாத்தி அவர் வாங்க ஆசப்பட்டது யட்டவத்தையில ஒரு ஏக்கர் காணி. பெஞ்சாதி செத்து ரொம்ப நாளாச்சு, இருந்தது ஒரே மக. அவ, புருஷன், மூணு பிள்ளைங்க, இவரு, எல்லாரும் தோட்டத்து லயத்து வரிசையில ஒரே அறைக் காம்பராவுல கெடந்தாங்க. அந்தக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். புதுத் தொரை போன்னு சொன்னா சட்டி பானையத் தூக்கிக்கிட்டு எறங்க வேண்டியதுதான். "நான் செத்தா என்னைத் தோட்டத்து மண்ணுல பொதைக்கக் கூடாது தங்கச்சி. நாளைக்கு வேற தொரை வந்து அது மேல கன்னு நடுவான். என் மகளுக்குன்னு ஒரு மண்ணு வேணும், அதுல ஒரு மூலையில நான் நேரா நீட்டிப் படுத்துக்கிறேன்"னு சொல்வாரு. எங்க தோட்டத்து ஆளுங்க இங்கயே பொறந்திருந்தாலும் பிரஜாவுரிமைக்கு மனுப் போடணும். மருமகனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கெடச்சு மகளும் அதுல சேந்துட்டா. இவருக்கு மட்டும் கெடைக்கல. இவரோட அப்பா இந்தியாவுல இருந்து எந்த வருஷம் வந்தாருன்னு காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லன்னு மனுவத் திருப்பிட்டாங்க.

அந்தக் காணி, பங்களாவுக்கு முட்டையும் வாழைக்குலையும் குடுத்துக்கிட்டிருந்த சிங்கள மாத்தையாவோடது. நல்ல மனுஷன். "சல்லி எப்ப மாறுதோ அப்பக் குடு. மொளகு மட்டும் இப்பவே நட்டுடு, மழை ஒனக்காக நிக்காது"ன்னாரு. இவரும் கமுகு, கொக்கோ மரங்களோட அடியில எல்லாம் மொளகுக் கொடி நட்டாரு. ஞாயித்துக்கெழமை தவறாம போய்க் களை புடுங்கிட்டு வருவாரு. "ஒரு கொடி கூடச் சாயல தங்கச்சி. எல்லாம் நேரா ஏறுது"ன்னு வந்து சொல்றப்போ, அந்த மொகத்த நீங்க பாத்திருக்கணும்.

மாத்துறதுக்கு டவுன்ல பேங்குக்கு நானும் கூடப் போனேன். எனக்குச் சிங்களமும் கொஞ்சம் இங்கிலீசும் வரும். அவர் காலர் புதுசாத் தைச்ச கோட்டுல, தட்டு உறைய ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நின்னாரு. கிளாக்கர் மரியாதையான ஆளு. நோட்டப் பாத்துட்டு, இது யாரோட சல்லின்னு கேட்டாரு.

"என்னோடது மாத்தையா. சந்தோசம்."

கிளாக்கருக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிங்களத்துலயும் அதுக்கு அதே வார்த்தைதான். ஒரு பாரத்த எடுத்து எழுத ஆரம்பிச்சாரு. பேரு, விலாசம் எல்லாம் எழுதிட்டு, "நாடு?"ன்னாரு.

இவர் தோட்டத்தோட பேரச் சொன்னாரு.

"தோட்டம் இல்ல. எந்த நாட்டு ஆளு?"

இவர் என்னையப் பாத்தாரு. இங்கதான் பொறந்தவருன்னு நான் சொன்னேன். பொறந்தது சரி, கடதாசி இருக்கான்னு கிளாக்கர் கேட்டாரு. இல்ல. இந்தியாக் கடதாசியாவது இருக்கா? அதுவும் இல்ல. கிளாக்கர் பேனாவ மூடி வெச்சாரு. "இந்தக் கட்டம் காலியா இருந்தா நான் வாங்க ஏலாது. வெளிநாட்டுச் சல்லிய வீட்ல வெச்சிருக்கிறதே இப்பக் குத்தம். நீங்க இத என்கிட்ட காட்டல, நான் பாக்கல. எடுத்துட்டுப் போங்க."

வெளிய வந்து பாதையில நடக்கிறப்போ, "நோட்டுல லண்டன்னு போட்டிருக்கு தங்கச்சி. என் மேலதான் எங்கயும் போடல"ன்னாரு. நான் அத வேடிக்கையா எடுத்துக்கிட்டுச் சிரிச்சேன். மக பேருல மாத்தலாமேன்னதுக்கு, தொரை குடுத்தது எனக்கு, பொய்ப் பேரு எழுத மாட்டேன்னுட்டாரு. 

அதுக்கப்புறம் ஒரு யாவாரி, களவா மாத்திக் குடுக்கிறவன், நோட்டத் திருப்பிப் பாத்துட்டு, ஒரு பக்கந்தானே அச்சடிச்சிருக்கு, பாதி வெல தாறேன்னான். இவர் நோட்ட வாங்கி, அவன் விரல் பட்டுச் சுருண்ட மூலைய நீவி நிமித்தி, உறையில போட்டுட்டாரு. நான் வீடு வர்ற வரைக்கும் ஏசிக்கிட்டே வந்தேன். பாதின்னா பாதிக் காணியாவது கெடச்சிருக்குமே, இப்படி வெறச்சுக்கிட்டு நின்னா யாருக்கு நட்டம்னு கேட்டேன். "தொரை எனக்கு முழுசாத்தானே குடுத்தாரு"ன்னாரு. அதோட பேச்சு முடிஞ்சுது. அவரோட நேர் கோடு எனக்கு எரிச்சலாத்தான் இருக்கும். 

வருஷங்க போச்சு. மொளகுக் கொடி ஆள் ஒசரம் தாண்டுச்சு. நோட்டு உறையிலயே கெடந்துச்சு.

பொறகு ரெண்டு நாட்டுப் பெரியவங்களும் ஒக்காந்து, எங்க ஆளுங்கள ஒனக்கு இத்தன பேரு, எனக்கு இத்தன பேருன்னு பிரிச்சுக்கிட்டாங்க. இலங்கைக்கு ஒரு பாரம், இந்தியாவுக்கு ஒரு பாரம். இங்கிலீசு எழுதத் தெரியும்னு தோட்டத்து சனம் என் கடையிலதான் வந்து நிக்கும். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கிறப்போ இவரும் வந்தாரு. மெசின் மேல துணி மலையாக் குமிஞ்சு கெடக்குது, ஊசி வேற ஒடஞ்சு போச்சு, எனக்குத் தலை வெடிக்குது.

"தங்கச்சி, இப்ப நாடு குடுக்கிறாங்களாமே. எதுக்குப் போடட்டும்?"

"இலங்கைக்குப் போட்டா திரும்பவும் அப்பாவோட கடதாசி எங்கன்னு கேப்பான். அது எந்தக் காலத்துல வர? இந்தியாவுக்குப் போட்டாப் பாஸ்போட்டு வந்துரும். ஒங்களுக்கு வேண்டியது பேங்குக் கட்டத்துல எழுத ஒரு நாடுதானே அண்ணே?"

"அப்ப நான் அங்க போக வேண்டி வருமா?"

"யாரு போகச் சொல்லப் போறா? சல்லிய மாத்துங்க, காணிய மக பேருல எழுதுங்க. மத்தத அப்புறம் பாப்போம்."

அவர் நின்னாரு. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்ல வாயெடுத்தாரு. எனக்குப் பொறுக்கல. பாரத்த அவர் கையில இருந்து வாங்கி, மெசின் பலகையிலயே வெச்சு, மளமளன்னு நானே நிரப்பினேன். அந்த மனுஷன் ஆயுசுல போய்ப் பாக்காத ஒரு நாட்டோட பேர எழுத எனக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகல. பாரத்த மடிக்காமக் குடுங்கன்னு மட்டும் கேட்டாரு.

பாஸ்போட்டு வந்து சேர ரொம்ப நாளாச்சு. அது நடுவுல மடிப்பு உள்ள புஸ்தகம், அதனால முழுசாத் தொறக்க அவருக்கு மனசு வரல. கண்ணாடி அலுமாரியத் தொறக்கிற மாதிரிக் கொஞ்சமாத் தொறந்து காட்டினாரு. திரும்பவும் கோட்டப் போட்டுக்கிட்டோம், பேங்குக்குப் போனோம். இந்தத் தடவ வேற கிளாக்கர், சின்ன வயசு. நாடுன்னு கேட்டதும் இவர் என்னையப் பாக்கல. "இந்தியா"ன்னு அவரே சத்தமாச் சொன்னாரு. கிளாக்கர் கட்டத்துல எழுதினான். அவர் தோளு ஒசந்து நின்னத நான் பாத்தேன்.

கிளாக்கர் நோட்டுகள எடுத்துக்கிட்டு உள்ள போனான். திரும்பி வந்து, பத்தையும் பலகையில வெச்சான்.

"இந்த வெள்ளை நோட்டு இப்ப இங்கிலாந்துலயே கடை கண்ணியில செல்லாது. நிப்பாட்டிப் பல வருஷமாச்சு. எங்களுக்கு எடுக்க ஏலாது."

"மொதல்ல நாங்க வந்தப்போ?"ன்னு நான் கேட்டேன்.

"அப்பச் செல்லியிருக்கும்"னான். பாஸ்போட்ட இவர்கிட்ட நீட்டிட்டு, சும்மா பேச்சுக்குக் கேக்கிற மாதிரி, "நீங்க எப்பப் போறீங்க?"ன்னான்.

பாஸ்போட்டுக்குப் பின்னாலேயே இன்னொரு கடதாசி வரும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இன்ன தேதிக்குள்ள நாட்ட விட்டுப் போகணும்னு அரசாங்கக் கடிதாசி வந்துச்சு. அவர் அத எங்கிட்டதான் படிக்கக் கொண்டாந்தாரு. நான் மூணு தடவ படிச்சேன். எனக்கு இங்கிலீசு சரியா வரலயோன்னு கூட ஆசையா நெனச்சுப் பாத்தேன். நல்லாத்தான் வந்துச்சு.

"மகளோட பேரு இதுல இருக்கா?"

"இல்லண்ணே. அவ இலங்கை. ஒங்க பேரு மட்டுந்தான்."

கடிதாசிய வாங்கி மடிப்ப நீவி நிமித்தினாரு. "இதையாவது மாத்த ஏலாதா தங்கச்சி?"ன்னாரு.

நான் கவர்மெண்டுக் கச்சேரிக்கு ஓடினேன், கண்டிக்கு ஓடினேன், கெஞ்சாத ஆளில்ல. நீங்கதானே கேட்டு எழுதியிருக்கீங்கன்னு எல்லா எடத்துலயும் ஒரே பதில். ஒரு எடத்துல அந்தப் பாரத்தையே எடுத்துக் காட்டினாங்க. என் எழுத்து. அவசரத்துல கூட நல்லாத்தான் எழுதியிருந்தேன். அந்த வருஷமே காணிக்கார மாத்தையாவும் செத்துப்போனாரு. மகன்மாரு வந்த வெலைக்கு யாருக்கோ வித்துட்டாங்க. 

போறதுக்கு மொத நாள் அவர் கடைக்கு வந்தாரு. நான் கோட்ட வாங்கி, காலரப் பிரிச்சு, நோட்டுகள உள்ள வெச்சுத் தைச்சுத் தாறேன்னு சொன்னேன்.

"வேணாம் தங்கச்சி. தலைமன்னார் பியர்ல, கப்பல் ஏறுற எடத்துல, தையலெல்லாம் பிரிச்சுப் பாக்கிறாங்களாம்."

"அப்ப மகளுக்கிட்ட குடுத்துட்டுப் போங்கண்ணே."

"அவ இதத் தொட மாட்டேங்கிறா."

தட்டு உறையில இருந்து பத்தையும் எடுத்து என் வெட்டுப் பலகை மேல அடுக்கினாரு. ஓரம் எல்லாம் ஒன்னாத் தட்டிச் சேத்தாரு. அப்புறம் மடிச்சாரு. ஒரு மடிப்பு, அதுக்கு மேல இன்னொரு மடிப்பு. மடிச்ச எடத்த நகத்தால அழுத்தி இழுத்தாரு, நான் துணிய இழுக்கிற மாதிரியே. நான் அவர் கையப் புடிச்சுத் தடுத்திருக்கலாம். தடுக்கல.

"இத்தன வருஷம் தைச்சுக் குடுத்தீங்க. எனக்காக அலைஞ்சீங்க. பாரம் எழுதிக் குடுத்தீங்க. இந்தாங்க, சந்தோசம்."

அவர் கோவமாச் சொன்னாரா, மனசாரச் சொன்னாரான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மொகம் எப்பவும் போலத்தான் இருந்துச்சு. நான் வாங்கிக்கிட்டேன்.

தலைமன்னார் போற ஆளுங்க ஏறுற ரயில் கோச்சிக்கு அப்ப ஒப்பாரிக் கோச்சின்னு பேரு வெச்சிருந்தாங்க. மக ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு விடாம அழுதா. பிள்ளைங்க மூணும் பிளாட்பாரத்துல ஒக்காந்துருச்சுங்க. எல்லாச் சனமும் ஜன்னல்ல சாஞ்சு கதறுறப்போ, இவர் மட்டும் உள்ள கோட்டு கசங்காம நேரா நின்னாரு. கோச்சி நகந்தப்பவும் அப்படியேதான் நின்னாரு. நான் தூர நின்னு பாத்துட்டு வந்துட்டேன். மகளுக்குக் கிட்டப் போக எனக்குத் தைரியம் வரல.

அக்கரையில, இந்தியாவுல, மண்டபம் கேம்புல இருந்து ஒரு கார்டு வந்துச்சு. மடிக்கிற கடிதாசி எழுத மாட்டாரே. யாரோ எழுதிக் குடுத்த எழுத்து. 'நலம். கேம்பில் இருக்கிறேன். இங்கு எனக்கு யாரையும் தெரியாது. மிளகு காய்த்ததா? தெரிவிக்கவும்.'

அடுத்த நாளே பஸ் ஏறி யட்டவத்தைக்குப் போனேன். காய்ச்சிருந்துச்சு. ஒரு கொடி கூடச் சாயல, எல்லாம் மரத்தோட நேரா ஏறி, கொத்துக் கொத்தாத் தொங்குச்சு. புதுக் காணிக்காரனோட ஆளுங்க ஏணி வெச்சு ஆஞ்சுக்கிட்டிருந்தாங்க. என்ன வேணும்னு கேட்டாங்க. வழி தவறி வந்துட்டேன்னு சொல்லிட்டு, பாதைக்கு வந்து ஒரு கல்லுல ஒக்காந்து அழுதேன். நல்லாக் காய்ச்சிருக்கு அண்ணேன்னு எழுதிப் போட்டேன். அது ரெண்டு மாசம் கழிச்சு, இந்தப் பேருல இங்க ஆளில்லன்னு முத்திரையோட திரும்பி வந்துச்சு. அதுக்கப்புறம் அவரப் பத்தி யாருக்கும் ஒன்னும் தெரியாது.

சில வருஷம் கழிச்சு என் தங்கச்சி மகன் லண்டனுக்குப் படிக்கப் போனான். அவனுக்கு எழுதிக் கேட்டேன். விசாரிச்சு எழுதினான். கடையில வாங்க மாட்டாங்களாம், ஆனா அந்த நாட்டுப் பெரிய பேங்குல எத்தன வருஷம் போனாலும் மாத்திக் குடுப்பாங்களாம். கொண்டு வர்றவன் எந்த நாட்டு ஆள்னு அதுக்காக யாரும் பாக்கிறதில்லையாம். தொரை பொய் சொல்லல.

நான் நோட்டுகள எடுத்துக்கிட்டு லயத்துக்குப் போனேன். மக பறிச்ச கொழுந்த நிறுத்துப் போட்டுட்டு வந்து கால் கழுவிக்கிட்டிருந்தா. வயசு தெரிஞ்சுது. விசயத்தச் சொன்னேன். லண்டன்ல மாத்தலாம், ஒன் பிள்ளைங்களுக்கு ஆகும், வாங்கிக்கம்மான்னேன். அவ என் கையில இருந்தத ஒரு தடவ பாத்தா.

"எங்கப்பாவத்தான் மாத்திட்டீங்களே. இதையும் எதுக்கு மாத்திக்கிட்டு? அது ஒங்களுக்குக் குடுத்த சந்தோசம். நீங்களே வெச்சுக்குங்க."

சத்தம் போட்டுச் சொல்லல. சொல்லிட்டு மத்தக் காலையும் கழுவினா. முன்னெல்லாம் என்னைய அத்தைன்னுதான் கூப்பிடுவா. அன்னைக்கு அப்படிக் கூப்பிடல.

வீட்டுக்கு வந்து, கரி போட்டு ஸ்திரிக்கைப் பெட்டியச் சூடாக்கினேன். மேல மெல்லிய துணி விரிச்சு, பத்து நோட்டையும் ஒன்னொன்னாத் தேச்சேன். துணி வேலையில எனக்கு மிஞ்சின ஆளு அப்ப மாத்தளையில கெடயாது. மேசையில வெச்சுப் பாத்தா மறைஞ்ச மாதிரித்தான் இருந்துச்சு. ஜன்னலுக்கு நேரா வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா, நடுவுல அவர் நகத்தால இழுத்த கோடு அப்படியே இருக்கு. ரொம்ப நேரம் திருப்பித் திருப்பித் தேச்சேன். அப்புறம் அதே கோட்டுல மடிச்சு மேசை லாச்சியில வெச்சுட்டேன்.